நான் கழற்றிய சிவப்பு பல்பு

ஜூன் 3, செவ்வாய்

நீயே சொல்லு சாமி, கோழிக்குஞ்சுக்கு ஒரு அறை, எனக்குக் கூடத்தில் ஒரு மூலையா? குறை சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னிடம் வாய்விட்டுப் பேசுவேன். இப்போது உன் படங்கள் சமையலறை அலமாரியில், ஜாடிகளுக்கு நடுவில். அங்கே நின்று இரண்டு வார்த்தை பேசினால் தங்கை எட்டிப் பார்க்கிறாள். "யாருகிட்டக்கா பேசுற, உப்பு ஜாடிகிட்டயா?" அதனால்தான் இந்த எழுத்து. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட நோட்டு ஒன்று சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். என் கையெழுத்தைப் பார்த்து நீ சிரிக்கக் கூடாது. எட்டாவது வரைதான் படித்தேன், அதுவும் பாதி நாள் வாத்தியார் வராத பள்ளிக்கூடம்.

டீச்சர் என்றால் யாரென்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். என் தங்கை மகனின் பெண்டாட்டி. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள், பட்டப்பெயரை யாரும் மூடவில்லை. அதற்கப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். அப்புறம் இந்தக் குஞ்சுகளை வாங்கி வந்தாள். நாற்பது சொச்சம். தகரத்தை வளைத்து வட்டமாகத் தடுப்பு வைத்து, கீழே மரத்தூள் பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டு வளர்க்கிறாள். கோழியாகும் வரை வளர்த்து விற்கப் போகிறாளாம்.

தங்கைக்குப் பிடிக்கவில்லை. வீடெல்லாம் நாற்றம் என்கிறாள். மகன் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியே இருக்கிறான். அவன் கெஞ்சியதால் ஒப்புக்கொண்டாள், அதற்கும் ஒரு கண்டிஷன். "இந்த ஒரு தடவதான். இதுல ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஜவுளிக் கடையில நிக்கப் போயிடணும். நான் சொல்லி வெச்சிருக்கேன்." டீச்சர் தலையாட்டினாள். ஜவுளிக் கடை என்றதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

டீச்சரின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாளைக்குக் கிளம்புகிறாள், ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள். குஞ்சுகளை என்னிடம் ஒப்படைத்தாள். தங்கையிடம் ஒப்படைக்க முடியுமா.

பின்னறைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தண்ணீர் இப்படி, தீவனம் இப்படி. ஜன்னல் பாதி திறந்தே இருக்கட்டும், ரொம்பச் சூடானால் ஆகாது. "அப்புறம் பெரியம்மா, இந்த சிவப்பு பல்ப மட்டும் மாத்திடாதீங்க."

"ஏம்மா, நான் பொறந்து வளந்ததே கோழிங்களுக்கு நடுவுல. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

சிரித்துவிட்டாள். மேற்கொண்டு சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே. நான் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 7, சனி

எதிர் வீட்டுத் தையல்காரிக்கு வாயில் ஊசி. காலையில் குப்பை கொட்டப் போனேன், பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, ராத்திரி பூரா ஜன்னல்ல சிவப்பு லைட்டு எரியுது. போட்டோ கழுவுறீங்களா, இல்ல வேற ஏதாச்சும் கடை தெறந்திருக்கீங்களா?"

பக்கத்தில் நின்ற பால்காரரும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உன் விளக்கு இத்தனை வருஷம் எரிந்த அறை அது. அந்த ஜன்னலைப் பார்த்துத் தெருவில் இப்படி ஒரு பேச்சா.

வந்தவுடன் நாற்காலி போட்டு ஏறி அந்தப் பல்பைக் கழற்றினேன். கடையில் நல்ல பெரிய வெள்ளை பல்பாகக் கேட்டு வாங்கி மாட்டினேன். அறையே பளிச்சென்று ஆகிவிட்டது. குஞ்சுகளும் சந்தோஷமாகத்தான் ஓடின. மேகமாக இருந்ததால் குளிரும் என்று ஜன்னலையும் சாத்திவிட்டேன்.

பெற்றவள் மாதிரி பார்த்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய.

ஜூன் 8, ஞாயிறு

போன் வந்தது. எப்படி இருக்குதுங்க என்றாள். ஜம்முன்னு இருக்குதுங்க என்றேன். அப்போது அது உண்மைதான்.

ஜூன் 9, திங்கள்

ஒரு குஞ்சுக்கு வால் பக்கம் ரத்தம். புது இறகு முளைத்துவந்த இடத்தில் பிடுங்கியிருக்கிறது. பிடுங்கியது எது என்றும் பார்த்துவிட்டேன். கழுத்து நீண்ட ஒன்று, மற்றதற்கெல்லாம் தலை ஒன்று உயரம், ரவுண்டு வருகிற மாதிரி நடக்கும். இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தேன். அடி வாங்கியதற்கு மொட்டை. வால் பக்கம் மொட்டையாகிவிட்டதால்.

குஞ்சு என்றால் நாலு கொத்து கொத்திக்கொள்ளத்தான் செய்யும், எந்த வீட்டில் இல்லை. இன்ஸ்பெக்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். என் விரலையே கொத்தியது.

மொட்டையை ஒரு கூடையில் போட்டுச் சமையலறையில் உன் பக்கத்தில் வைத்தேன். தனியாக இருக்கமாட்டேன் என்று ஒரே கத்தல். காதே போய்விடும் போலிருந்தது. தங்கை திட்டுவாளே என்று பயம். காயத்துக்குச் சிவப்பு மருந்து தடவி, உன் பேரைச் சொல்லி ஊதி, திரும்ப உள்ளே விட்டேன்.

போனில் கேட்டாள். நல்லா இருக்குதுங்க என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

காலையில் போய்க் கதவைத் திறந்தால் ஒரு மூலையில் எல்லாம் குவிந்து நிற்கின்றன. நடுவில் மொட்டை. சிவப்பு மருந்து தடவின இடத்தை எல்லாமுமாகச் சேர்ந்து கொத்துகின்றன. இன்ஸ்பெக்டர் மட்டும் என்றால் ஒதுக்கிவிடலாம். சாதுவான குஞ்சுகூட, யாரையும் தொடாத குஞ்சுகூட, ஓடிவந்து ஒரு கொத்து கொத்திவிட்டு ஒன்றும் தெரியாதது போல் போய்த் தண்ணீர் குடிக்கிறது. மொட்டை கத்தவே இல்லை. நேற்று அவ்வளவு கத்தியது, இன்று தலையை மரத்தூளில் புதைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

இன்னொரு பக்கம் பார்த்தால் இரண்டு செத்துக் கிடக்கின்றன. அதை நான் எழுதமாட்டேன், எப்படிக் கிடந்தன என்று.

ஐயோ சாமி, நான் என்ன பண்ணுவேன். ஓடி ஓடிப் பிரிச்சு விடுறேன், ஒன்ன எடுத்தா இன்னொன்னு மேல பாயுது. கையெல்லாம் ரத்தம். பகல் முழுசும் பக்கத்துலயே உக்காந்து விரட்டுனேன்.

சாயங்காலம் போன். என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

ஜூன் 11, புதன்

இன்னொன்றும் போய்விட்டது. தீவனக் கடைக்குப் போனேன். தீவனக்காரர் பொறுமையான மனிதர். குஞ்சு ஒன்றையொன்று கொத்திக்கொள்கிறது என்றேன். முதல் கேள்வியே, "என்ன பல்பும்மா போட்டிருக்கீங்க?"

"சிவப்புதாங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படின்னா சூடு அதிகமா இருக்கும். காத்து இல்லாம புழுங்கினாலும் கொத்தும். வெள்ளை பல்பா இருந்தா இன்னும் மோசம், ரத்தம் பளிச்சுன்னு தெரியும். ரத்தம் கண்ணுல பட்டா விடாதுங்க, எல்லாம் சேந்துக்கும். சிவப்பு வெளிச்சத்துல ரத்தம் ரத்தமாவே தெரியாது. அதான் உங்க வீட்டு டீச்சரம்மா என்னக் கேட்டு கேட்டு அந்தப் பல்ப தேடி வாங்கிட்டுப் போனாங்க."

"காயத்துக்குச் சிவப்பு மருந்து தடவலாமுங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தடவிடாதீங்கம்மா. அது கொத்துன்னு சொல்லிக் காட்டிக்குடுக்குற மாதிரி."

வெயிலில் நடந்து வந்தது எனக்குத் தெரியவில்லை. சிவப்பு பல்பைத் துடைத்து மாட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். வெள்ளை பல்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள் சாமி, ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் பல்பை மாற்றினாலும் உடனே நிறுத்துவதில்லை.

செத்த மூன்றையும் காகிதத்தில் சுற்றிப் புறக்கடையில் குழி வெட்டும்போது தங்கை வந்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"தெரியலடி. தீவனம் ஒத்துக்கலையோ என்னவோ."

அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவு போதும் அவளுக்கு. "மலிவா கெடச்சுதுன்னு எதையாச்சும் அள்ளிட்டு வந்திருப்பா. நான் அப்பவே சொன்னேன்" என்றபடி உள்ளே போனாள்.

மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைத் திரும்பக் கூப்பிட எத்தனை நேரம் ஆகும்? கூப்பிடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

விளக்கு ஏற்றினேன். உன் முகத்தைப் பார்க்காமலே ஏற்றினேன்.

ஜூன் 14, சனி

டீச்சர் வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னறைக்குப் போனாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

அழவில்லை. மரத்தூளிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால் விரல், வால், முதுகு. காயம் பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம். மொட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது தங்கை ஆரம்பித்தாள். "பள்ளிக்கூடம் மாதிரிதான் இதுவும். நீ போன எடம் எல்லாம் மூடிடும் போலிருக்கு."

போனில் மகன். தங்கை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "விட்டுடு. அம்மா சொல்ற மாதிரி கடைக்கே போ. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" அவன் நல்லவன், அன்பாகத்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

டீச்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன், நம்பு. வந்தது என்ன தெரியுமா? "ஆமாம்மா, படிச்ச பொண்ணுக்கு இந்தக் கோழி வேலையெல்லாம் எதுக்கு?"

சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல தீவன மூட்டையை டீச்சர் அவிழ்த்துக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டாள். தீவனக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாளாம். இந்த வீட்டில் குரல் உயர்த்தியே கேட்டதில்லை, கடையில் எப்படிச் சண்டை போட்டிருப்பாள்.

மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெரியம்மா, நான் கெளம்புன அன்னிக்கு ஏதாச்சும் தப்பா வெச்சுட்டுப் போனேனா? தட்டு கம்மியா வெச்சுட்டனா? எடம் நெருக்கமா இருந்துச்சா? நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், புரியவே இல்ல."

"எனக்கென்னம்மா தெரியும்" என்றேன்.

எழுந்திருக்கும்போது, "உங்களுக்கும் எவ்ளோ கஷ்டம், பாவம். தனியா கெடந்து சமாளிச்சிருக்கீங்க" என்று என் கையைத் தொட்டாள். கையில் இருந்த கொத்துக் காயத்தைப் பார்த்தாள்.

சாமி, அவ அப்படித் தொட்டதுக்குப் பதிலா எனக்கு ஒரு அறை குடுத்திருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

தகரத் தடுப்பையும் தட்டுகளையும் விலைக்குக் கேட்க ஆள் வருகிறான், வியாழக்கிழமை. மிஞ்சின குஞ்சுகளையும் அப்படியே கொடுத்துவிடலாம் என்று தங்கை முடிவு செய்துவிட்டாள். ஜவுளிக் கடைக்குப் போன் பேசிவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து வரச் சொன்னார்கள். டீச்சர் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துத்தான்.

தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "உனக்கும் நல்லதுதான்கா. உன் அறை உனக்குக் கெடச்சிடும்" என்றாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்ததை எழுதாமல் விட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்.

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நொடிதான். கட்டிலை எங்கே போடலாம், உன் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று மனசு ஓடிவிட்டது. அப்புறம்தான் திக்கென்றது. அன்றைக்கு நாற்காலியில் ஏறினேனே, தையல்காரி சொன்னதற்காக மட்டும்தான் ஏறினேனா? மாற்றாதீங்க என்று அவள் சொன்னது காதில் இருந்ததே. இருந்தும் ஏறினேனே. அறையைப் பிடித்த குஞ்சுகள் மேல் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருந்ததா இல்லையா? கெட்டுப் போகட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேனா? அதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்வேன். விரதம், பூசை ஒன்றையும் விடமாட்டேன். வயசு ஐம்பத்தாறு.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நல்ல வார்த்தையாகத் தேடி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "தீவனம் இல்ல, நான்தான்" என்றேன். "சிவப்பு பல்ப கழட்டிட்டு வெள்ள பல்பு போட்டேன். ஜன்னல சாத்துனேன். காயத்துல சிவப்பு மருந்து தடவுனேன். அப்புறம் நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பழையபடி மாத்தி வெச்சேன்."

தங்கைதான் கேட்டாள், "எதுக்குக்கா பல்ப கழட்டுன?"

"எதிர்வீட்டுக்காரி கிண்டல் பண்ணினா."

"அவ கிண்டல் பண்ணுனா? அவ கிண்டல் பண்ணுனதுக்கு மூணு உசுரா?" தங்கை எழுந்தே விட்டாள். "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இந்தப் பொண்ண இத்தன பேச்சு பேசியிருப்பேனா? என் வாயையும் கெடுத்துட்டியே. உன்ன வெச்சு சோறு போடறேன் பாரு, என்னச் சொல்லணும்."

இதைச் சொல்லிவிட்டு அவளே அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அந்த வார்த்தை சொன்னதில்லை. சொன்னது சரிதான்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கையைக் கழுவினாள். "அத்தை, வியாழக்கிழமை ஆள் வர வேணாம்னு சொல்லிடுங்க. கடைக்கும் நான் போகல. தப்பு எங்கிட்ட இல்ல." மெதுவாகத்தான் சொன்னாள். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கை போனை எடுத்து இரண்டு இடத்துக்கும் வேண்டாம் என்று சொன்னாள். என் முன்னாலேயே சொன்னாள்.

ஜூன் 18, புதன்

டீச்சர் என்னோடு பேசவில்லை. தங்கையும் பேசவில்லை. நீயும் எப்போதும் போலத்தான்.

ஜூன் 20, வெள்ளி

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான்.

மொட்டையைத் தனியாக வைக்கவில்லை. இன்ஸ்பெக்டரைத்தான் தனியாக ஒரு கூடையில் போட்டு அறைக்கு வெளியே வைத்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லையே. அடி வாங்கினதைத் தூக்கி வெளியே வைத்தேனே தவிர, அடித்ததைத் தூக்கத் தோன்றவில்லை.

காயத்துக்கெல்லாம் வேப்பெண்ணெயில் கரியைக் குழைத்துப் பூசியிருக்கிறாள். கறுப்பாக, கசப்பாக. ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போயிற்று. சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் பேசாமல் இருப்பது ஒரு வகையில் நல்லது. திட்டினால் நான் பதிலுக்குப் பேசிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

"பெரியம்மா, கீரக்கட்டு இருந்தா குடுங்க."

இதுதான் முதல் பேச்சு. நான் பதறிப்போய், சமையலுக்கு வாங்கி வைத்திருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே நின்றேன். "உள்ள வாங்க" என்றாள்.

கீரையைக் கயிற்றில் கட்டி, குஞ்சுகளுக்குக் கழுத்து எட்டும் உயரத்தில் தொங்கவிட்டாள். எல்லாம் அதில் போய்த் தொங்கின. கொத்த ஒன்று வேண்டும், அது கீரையாக இருக்கட்டும் என்றாள். தடுப்பையும் பெரிதாக வளைத்துப் போட்டிருக்கிறாள்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். "நான் பல்பு மாத்தியிருக்கக் கூடாதும்மா."

கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள், என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "பல்பு மாத்துனது கூட பரவால்ல பெரியம்மா. தெரியாம செஞ்சீங்க. நான் தெனமும் போன் பண்ணினேன். தெனமும் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. முத நாளே சொல்லியிருந்தா நான் அங்கேருந்தே என்ன செய்யணும்னு சொல்லியிருப்பேன். மூணும் இருந்திருக்கும். அப்புறம் நான் வந்தேன். உங்ககிட்ட உக்காந்து கேட்டேன். அப்பவும் சொல்லல."

கீழே உதிர்ந்த கீரையைப் பொறுக்கினேன்.

"தண்ணி மாத்தணும், அந்தப் பாத்திரத்த எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.

ஜூன் 23, திங்கள்

தீவனக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன், பிறகு எதற்குக் காக்க வேண்டும் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். உங்க தீவனத்துல ஒண்ணும் இல்லைங்க, அன்னிக்கு நான் உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன்.

"டீச்சரம்மா நேத்தே வந்து மன்னிப்பு கேட்டுட்டாங்களேம்மா" என்றார். யாரால் என்று அவள் சொல்லவில்லையாம்.

ஜூன் 28, சனி

இன்ஸ்பெக்டர் உள்ளே போயிற்று. ஒரு வாரம் தனியாக இருந்துவிட்டு வந்ததில் பழைய மிடுக்கு இல்லை. மற்றதுகள் அதைப் புதிதாக வந்தது மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தன. ஒன்று லேசாகக் கொத்தியும் பார்த்தது. இன்ஸ்பெக்டர் ஓரமாகப் போய்க் கீரைக்குக் கீழே நின்றுகொண்டது. பாவமாக இருந்தது. டீச்சரிடம் சொன்னேன், பாவமா இருக்குடி என்று. "அதுக்கும் பாவம்தான்" என்றாள்.

மொட்டை இன்னும் கூட்டத்துக்குள் போகமாட்டேன் என்கிறது. தட்டு காலியான பிறகுதான் வந்து சாப்பிடுகிறது. டீச்சர் அதற்காக இன்னொரு தட்டு வைத்தாள், தூரமாக.

ஜூலை 6, ஞாயிறு

தையல்காரி இன்றைக்கும் கேட்டாள். "என்னக்கா, திரும்ப சிவப்பு லைட்டு?"

"ஆமா. கோழிக்குஞ்சுக்கு. உனக்கும் ஒண்ணு வேணுமா, நாலு பேர வாயால கொத்தாம இருக்க?"

சொல்லிவிட்டு வந்தபிறகு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இருந்தது. அவளா பல்பைக் கழற்றினாள். சாயங்காலம் போய் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டன. பின்னறை காலி. மரத்தூளை அள்ளிக் கழுவிவிட்டோம். கட்டிலை உள்ளே போட்டுக்கொள் என்று தங்கை சொன்னாள். அவள் இப்போது பேசுகிறாள், பழையபடி உப்பு ஜாடியைப் பற்றியும் கேட்கிறாள்.

வேண்டாம் என்றேன். அடுத்த குஞ்சு வந்தால் எங்கே வைப்பது.

"அடுத்த குஞ்சா? ஒரு தடவதான்னு சொன்னேன்ல" என்றாள் தங்கை. ஆனால் குரலில் பழைய சூடு இல்லை. மொட்டைக்கு அவள் மறைத்து மறைத்துச் சோறு போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

ஹாஸ்டலில் சமைக்கிற அம்மா வந்து கோழிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து எடை பார்த்தார், இறகைக் கோதிப் பார்த்தார். முட்டைக்காக வளர்க்கப் போகிறாராம். மொட்டையைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அதற்கு வால் கோணலாகத்தான் முளைத்திருக்கிறது, அது இங்கேயே இருக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். அடுத்த தடவையும் உன்னிடமே எடுக்கிறேன், எப்போது குஞ்சு விடுகிறாய் என்று அந்த அம்மா கேட்டார். தங்கை முந்திக்கொண்டு, "அடுத்த மாசம்" என்றாள். நாங்கள் இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். "என்ன பாக்கறீங்க, மழைக்கு முன்னாடி விட்டாத்தானே" என்றாள்.

போகும்போது அந்த அம்மா டீச்சரிடம் கேட்டார். "யாரும்மா உனக்கு இந்தக் கோழி வளக்கற யோசன குடுத்தது? நல்ல யோசன."

"வீட்டுலதான் ஒருத்தங்க."

"நம்ம வீட்டுலயா? நான் எத்தன தடவ கேட்டேன், நானேதான் யோசிச்சேன்னு எங்கிட்ட சாதிச்சியே" என்றாள் தங்கை.

"அப்ப சொன்னா அவங்களையும் சேத்துத் திட்டுவீங்களே அத்தை." சிரித்துக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் புருஷனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் விளக்கேற்றும்போதும் அதுதான் நினைப்பு. அவன் எப்போது சொல்லியிருப்பான், அவன்தான் லாரியில் இருந்தானே. வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில். தங்கை இல்லை. அப்புறம்...

சாமி, நான் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சில் பாதி எனக்கே நினைவு இருக்காது, உனக்குத் தெரியும். இப்போது இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் வருகிறது. அவள் படுத்தே கிடந்த நாட்களில் ஒரு மத்தியானம். நல்ல மழை. கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு, அவளை எழுப்பி உட்கார வைக்க வேண்டுமே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். ரெண்டு கோழிக்குஞ்சு வாங்கி விடேன்டி, அதுங்க பின்னாடி ஓடுறதுலயே எல்லாம் மறந்துடும் என்றேன். அவள் சுவர்ப்பக்கமிருந்து திரும்பி, எங்க வெச்சு வளக்கறது பெரியம்மா, எடம் ஏது என்று கேட்டாள்.

என் அறை இருக்கே, அத எடுத்துக்கோ என்று நான்தான் சொன்னேன்.